உருமாறும் வீரனும் மருட்கைச் சுவையும்

மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையும் ஒன்று. மருட்கையாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள் என்பர் தொல்காப்பியர். இவற்றுள் ஆக்கம் என்பதற்கு, ஒரு பொருள் வேறொன்றாகத் திரிதலைக் கண்டு வியத்தல் என்னும் கருத்துப்பட இளம்பூரணர் உரை கண்டார். மனிதன் விலங்காக மாறும் கதை எந்நாட்டில் தோன்றினும் அஃது ஆக்கத்தின்பாற்பட்டதே. அத்தகைய கதையைப் புதுமை ஒன்றையே நம்பி அமைத்தால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘மேனிமல்’ தக்கதொரு சான்றாகும்.

மனிதன், விலங்கு எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி ஆக்கிய பெயர் இது. கிளென் லார்சன், டொனால்டு பாயில் ஆகிய இருவர் படைத்த இத்தொடர், என்.பி.சி. நிலையத்தில் 1983 செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கி, டிசம்பர் 17ஆம் நாள் எட்டே பகுதிகளுடன் நின்றுபோயிற்று. கதைத்தலைவன் ஜானதன் சேஸ், நியூயார்க்கில் வாழும் செல்வம் மிக்க பேராசிரியன். தந்தைவழி வந்த மறைபொருளை உணர்ந்து, விரும்பிய விலங்காக மாற வல்லவன். அவ்வாற்றலைக் கொண்டு குற்றவாளிகளைப் பிடிக்கக் காவல் துறைக்கு உதவுகிறான். புருக் மெக்கன்சி என்னும் பெண் துப்பறிவாளரும், வியத்நாம் போரில் உடனிருந்த டை என்னும் தோழனுமே அவன் மறைபொருளை அறிந்தவர்கள். ஆங்கிலேய நடிகர் சைமன் மெக்கார்கிண்டேல் சேஸாக நடித்தார்.

தொடரின் சிறப்பை முதலில் கூறுதல் முறை. கணிப்பொறி கொண்டு உருவங்களைப் படைக்கும் முறை பரவாத காலம் அது. பொய்முகங்களும் பொறியமைப்புகளும் கொண்டு உருமாற்றக் காட்சிகளை அமைத்தவர், பின்னாளில் ‘ஜுராசிக் பார்க்’ முதலிய படங்களால் புகழ்பெற்ற ஸ்டான் வின்ஸ்டன். மூச்சு வாங்குகிறது, கை புடைக்கிறது, நகம் நீள்கிறது, முகம் முன்தள்ளிக் கருஞ்சிறுத்தையாகிறது. உடல் தன் இயல்பை இழந்து வேறோர் இயல்பை ஏற்கும்போது படும் பாடு கண்ணுக்குப் புலனாகிறது. ஆக்கத்தின் வழிப் பிறக்கும் மருட்கை இதுவே.

ஆனால் கைவினைஞர் உணர்ந்ததைக் கதை வகுத்தோர் உணர்ந்திலர். வாரந்தோறும் தலைவன் பெரும்பாலும் கருஞ்சிறுத்தையாகவோ பருந்தாகவோதான் மாறுகிறான். எடுத்த காட்சிகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. குதிரை முதலிய பிற விலங்குகளாக மாறுவதோ பெரும்பாலும் திரைக்கு வெளியே நிகழ்ந்துவிடுகிறது. முதன்முறை கண்ட புதுமை மூன்றாம் முறையில் வழக்கமாகிறது. புதுமை போனபின் தாங்கி நிற்க வேண்டியது ஆக்கம். அதற்குரிய உள்ளப் போராட்டமோ கதையில் இல்லை.

விலங்கானவன் விலங்காகவே நின்றுவிட நேருமோ? சிறுத்தையின் சினம் மனிதனின் அறிவை வென்றுவிடுமோ? இவ்வினாக்களுக்குத் தொடர் உரிய இடம் தரவில்லை. வேண்டும்போது மாறுகிறான்; வேலை முடிந்ததும் குலையாத உடையுடன் மீள்கிறான். 1981இல் வெளிவந்த ‘லண்டனில் ஓர் அமெரிக்க ஓநாய் மனிதன்’ என்னும் படத்தை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அப்படத்தில் ஓநாயாக மாறுபவன் தான் செய்த கொலைகளின் சுமையைத் தாங்க வேண்டியவனாகிறான். அங்கே மாற்றத்திற்கு விலை உண்டு. இங்கே விலங்கு வெறுங்கருவி. லார்சன் இதற்கு முந்திய ஆண்டில், 1982இல், தொடங்கிய ‘நைட் ரைடர்’ தொடரில் பேசும் மோட்டார் வண்டி தலைவனுக்குத் துணையாயிற்று. வண்டி செய்த வேலையையே இங்கே சிறுத்தையும் பருந்தும் செய்கின்றன.

இத்தொடர் வீழ்ந்தமைக்குக் காரணம் வேறு என்பாரும் உளர். வெள்ளிக்கிழமை இரவில் அதே வேளையில் வேறொரு நிலையம் ‘டல்லாஸ்’ தொடரை ஒளிபரப்பியது. 1983-84 பருவத்தில் அமெரிக்காவில் மிகுதியானோர் கண்ட தொடர் அதுவே. பார்வையாளர் குறைந்தமைக்கு இது காரணமாகலாம். கதை மெலிந்தமைக்கு ஆகாது. ஓநாய்களிடையே வளர்ந்த இளம்பெண் ஒருத்தி வரும் பகுதியை நோக்குக. மனிதப் பிறவி விலங்கினத்தில் வாழ்ந்து மீண்டு வந்தால் அவள் யார் என்னும் அரிய வினா அங்கே தானே எழுகிறது. படைத்தோருக்குப் பொருள் கிட்டாமற் போகவில்லை. கிட்டிய பொருளை அவர்கள் ஆழ உழவில்லை.

இக்குறை தமிழாசிரியர்க்குப் பயன்படும் பாடமாகும். தன்கதைக் கட்டுரை எழுதும் மாணவன் தன்னைப் பறவையாகவும் விலங்காகவும் கற்பனை செய்கிறான். ‘பறந்தேன், பார்த்தேன், வந்தேன்’ என்று அவன் எழுதி முடித்தால் அது புதுமையின் அளவில் நின்ற எழுத்து. சிறகு பெற்றபின் கையால் செய்ய இயலாமற் போனது யாது, பழகிய வீடு மேலிருந்து எவ்வாறு தோன்றிற்று, மீண்டு வந்தவன் முன்போலவே இருந்தானா என்று ஆசிரியர் அவனைக் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கிய மாணவன், பெரும்பொருட் செலவில் எடுத்த ஒரு தொடர் தவறவிட்ட இடத்தை ஒரு தாளிலும் எழுதுகோலிலும் எட்டிவிடுவான்.