அற்புதமும் ஆக்கவுரிமையும்: ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபேர்த்’ திரைப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

வெகுசனத் திரைப்படங்களை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே இருவகைத் தயக்கங்கள் நிலவி வந்துள்ளன. தூய கலைவாதிகள் அவற்றைக் கலையென ஏற்பதில்லை. முற்போக்காளருள் ஒரு சாராரோ அவற்றை முதலாளித்துவத்தின் மயக்கமருந்தெனக் கூறி அத்துடன் அமைதியடைந்து விடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் படைப்பைப் பார்க்காமலே தீர்ப்பு வழங்குவன. கோடிக்கணக்கான மக்கள் விரும்பிக் காணும் ஒரு படைப்பு அவர்களது எந்த அச்சங்களையும் ஆசைகளையும் பற்றிக்கொள்கிறது, அவற்றுக்கு எத்தகைய விடையை அளிக்கிறது என்பன சமூகவியல் நோக்குடைய திறனாய்வு விலக்கிவிட முடியாத வினாக்களாகும். 2025 ஜூலையில் வெளிவந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபேர்த்’ என்னும் திரைப்படத்தை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் எண்ணம்.

மைக்கல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலை அடியொற்றி, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1993இல் நெறிப்படுத்திய ‘ஜுராசிக் பார்க்’ முதலாகத் தொடரும் வரிசையில் இது ஏழாவது படம். கரத் எட்வேர்ட்ஸ் இதனை நெறிப்படுத்தியுள்ளார். முதற்படத்தின் திரைக்கதையிற் பங்குகொண்டவரும் 1997இல் வெளிவந்த இரண்டாவது படத்தின் திரைக்கதையை எழுதியவருமான டேவிட் கெப் மீண்டும் எழுத்துப் பணியை ஏற்றுள்ளார். ஏறத்தாழ 18 கோடி டொலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 85 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய படம் இது. வணிக அளவிலே வெற்றியெனலாம். ஆயின், அவ்வெற்றி படைப்பின் தரத்துக்குச் சான்றுமன்று, அதன் தாழ்வுக்குச் சான்றுமன்று.

கதைப்பொருளைச் சுருக்கமாகக் கூறின் பின்வருமாறு அமையும். மீளவும் உயிர்ப்பிக்கப்பட்ட டைனோசர்கள் இன்றைய காலநிலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அழிந்து, மத்தியகோட்டை அண்டிய பிரதேசங்களில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அப்பிரதேசங்களுக்கு மனிதர் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. இதய நோய்க்கு மருந்து காண விழையும் ஒரு மருந்தாக்கக் கம்பனி, கடலிலும் தரையிலும் வானிலும் வாழும் மூன்று பேருயிர்களின் குருதியைக் கவர்ந்து வருமாறு கூலிக்குப் போர்புரிவோர் சிலரையும் ஒரு விஞ்ஞானியையும் அனுப்புகிறது. கடலில் உல்லாசப் பயணம் மேற்கொண்ட ஒரு குடும்பமும் விபத்துற்று இவர்களுடன் சேர்ந்து அத்தீவிற் சிக்கிக்கொள்கிறது.

படத்தின் சிறப்புக்களை முதலில் நோக்குவோம்.

முதலாவது, காட்சியமைப்பிற் காணப்படும் நிதானம். 1993ஆம் ஆண்டுப் படத்தில் டைனோசர்கள் திரையிலே தோன்றும் நேரம் ஏறத்தாழ 15 நிமிடங்களே. அச்சிறு நேரம் பார்வையாளரின் நினைவிலே நிலைத்ததற்குக் காரணம், விலங்கைக் காட்டுவதற்கு முன்னர் அதன் வருகையை உணர்த்திய முறையாகும். இடைப்பட்ட படங்கள் இவ்வறிவை இழந்திருந்தன. எட்வேர்ட்ஸ் அதனை ஓரளவு மீட்டுள்ளார். ஆற்றங்கரையில் ஒரு டைரனோசரஸ் உறங்குகிறது. அதன் அருகே கிடக்கும் மிதவைப் படகை எடுத்து, அது விழித்துக்கொள்ளாதவாறு நீரில் இறக்க வேண்டியிருக்கிறது. இக்காட்சியில் விலங்கின் உருவத்தினும் அதன் மூச்சே அச்சத்தை விளைவிக்கிறது. கிரைட்டனின் நாவலில் இடம்பெற்று, முதற்படத்தில் எடுக்கப்படாது விடப்பட்ட ஆற்றுப்பயணப் பகுதியே இதன் மூலமென்பது குறிப்பிடத்தக்கது. 2010இல் ‘மொன்ஸ்டர்ஸ்’ என்னும் படத்தைக் குறைந்த செலவில் எடுத்த காலந்தொட்டே, பேருருவங்களை மனிதக் கண்ணின் உயரத்திலிருந்து நோக்குவது இந்நெறியாளரின் இயல்பாக இருந்து வந்துள்ளது.

இரண்டாவது, இயற்கைச் சூழலின் மெய்ம்மை. 35 மில்லிமீற்றர் படச்சுருளில், தாய்லாந்தின் காடுகளிலும் கரையோரங்களிலும் எடுக்கப்பட்ட காட்சிகளில் ஒளியும் ஈரமும் இலைகளின் அசைவும் புலனுக்கு எட்டுகின்றன. கணினி வழியே புனையப்பட்ட உயிர்கள் மெய்யான நிலத்தில் நிற்பதாலேயே அவற்றுக்குக் கனம் உண்டாகிறது. உயர்ந்த புல்வெளியிலே டைட்டனோசரஸ் கூட்டம் தோன்றுகையில் விஞ்ஞானி கண்கலங்கி நிற்கும் காட்சி படத்தின் உச்சமெனத் தகும். அலெக்சாண்டர் டெஸ்பிலாவின் இசை, முதற்படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த பழைய மெட்டை அவ்விடத்திற் கலந்து பயன்படுத்துகிறது. அறிவு தேடும் ஒருவனுக்குத் தன் ஆய்வுப்பொருளை நேரிற் காணும்போது ஏற்படும் பணிவு இங்கு போலியின்றி வெளிப்படுகிறது.

மூன்றாவது சிறப்பு கருத்து நிலையிலானது. படத்தின் தொடக்கப் பகுதியில், நியூயோர்க் நகரின் வீதியிலே நோயுற்ற ஒரு நீள்கழுத்து டைனோசர் கிடக்கிறது. மக்கள் அதனைப் பார்த்து வியக்கவில்லை, இரங்கவுமில்லை. போக்குவரத்துத் தடைப்பட்டதென எரிச்சலடைகின்றனர். அருங்காட்சியகமும் பார்வையாளரின்றித் தனது டைனோசர்க் காட்சியை மூடுகிறது. அற்புதம் சந்தைக்கு வந்து, சந்தையிலே பழகி, பின் குப்பையாகும் நெறியை இச்சில நிமிடங்கள் கூர்மையாகக் காட்டுகின்றன. பண்டமயமாதல் பற்றிய நீண்ட விளக்கமொன்று செய்யக்கூடியதை ஓர் உருவகம் செய்துவிடுகிறது.

இனிக் குறைபாடுகளுக்கு வருவோம். அவற்றுட் பல இச்சிறப்புக்களின் அருகிலேயே பிறக்கின்றன என்பது கவனத்துக்குரியது.

பார்வையாளர் சலிப்படைந்தமையால் கம்பனி புதிய விகார உயிர்களைப் படைத்தது என்று படம் கூறுகிறது. அவ்விமரிசனத்தைக் கூறிய கையோடு, ஆறு அவயவங்களையுடைய ‘டிஸ்டோர்ட்டஸ் ரெக்ஸ்’ என்னும் விகார உயிரையே தனது இறுதிக் கட்டத்தின் கவர்ச்சியாக முன்வைக்கிறது. 2015ஆம் ஆண்டுப் படமும் இதே வழியிற் சென்றது. தான் கண்டிப்பதையே தான் விற்பது இவ்வரிசையின் அடிப்படை முரண்பாடு. இம்முரண்பாட்டை உணர்ந்து அதனைக் கலையாக்கியிருப்பின் படம் வேறொரு தளத்துக்கு உயர்ந்திருக்கும். ஆனால், இங்கு அவ்விகார உயிர் இருளிலும் புகையிலும் தோன்றி மறைகிறது. அதற்கென ஒரு வரலாறோ துயரமோ இல்லை. மனிதன் படைத்துக் கைவிட்ட உயிர் என்னும் எண்ணம் தொடப்பட்டு அப்படியே விடப்படுகிறது.

பாத்திர வார்ப்பிலும் இத்தளர்ச்சி தெரிகிறது. ஸ்கார்லெட் ஜொஹான்சன் ஏற்ற சோரா என்னும் பாத்திரத்துக்கும், மஹெர்ஷலா அலி ஏற்ற டங்கன் என்னும் பாத்திரத்துக்கும் இழப்பின் துயரங்கள் வழங்கப்பட்டுள்ளன. ஆனால், அவை ஓர் உரையாடலிற் கூறப்பட்டு முடிகின்றன, செயலாக விரிவதில்லை. நடிகரின் ஆற்றல் எழுத்தின் வறுமையை மறைக்க உதவுகிறதேயன்றி, அதனைப் போக்கவில்லை. விபத்துற்ற குடும்பத்தின் கதையும் குருதி தேடும் கதையும் நெடுநேரம் தனித்தனியே ஓடுகின்றன. ஒன்றை நீக்கினும் மற்றது குலையாது என்ற நிலை கட்டமைப்பின் நெகிழ்ச்சிக்குச் சான்றாகும்.

விஞ்ஞான உண்மையைப் பொறுத்தவரை, புனைகதைக்குச் சலுகை உண்டு. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டீ.என்.ஏ. எஞ்சியிருக்க முடியாதென்பதைச் சுட்டி இவ்வரிசையை நிராகரிப்பது பயனற்றது. அது கதையின் தொடக்க நிபந்தனை. ஆனால், படம் தானாகப் புதிதாகக் கூறும் காரணங்கள் வேறு. மத்தியகோட்டு வெப்பத்தில் மட்டுமே டைனோசர்கள் வாழக்கூடுமென்பது உயிர்ச்சுவட்டியல் தரும் அறிவுக்கு ஒவ்வாதது. அலாஸ்காவிலும் அந்தாட்டிக்காவிலும் அவற்றின் சுவடுகள் கிடைத்துள்ளன. அக்காலத்தில் அந்நிலங்கள் இன்றைய அளவு உறைந்திருக்கவில்லையாயினும், உயர் அகலக்கோடுகளின் நீண்ட இருளையும் குளிரையும் அவை தாங்கின. கடல்வாழ் மோசசோரசும் பறக்கும் குவெட்சல்கோட்லசும் டைனோசர்களே அல்ல. அவை வேறு ஊர்வனக் கிளைகளைச் சார்ந்தவை. டைட்டனோசரஸ் என்ற பெயர், இந்தியாவின் ஜபல்பூர்ப் பகுதியிற் கிடைத்த என்புகளுக்கு றிச்சர்ட் லிடெக்கர் 1877இல் இட்டதாகும். அவ்வென்புகள் தனியொரு சாதியை வரையறுக்கப் போதாவென 2003இல் ஆய்வாளர் வாதிட்டனர். தென்னாசிய மண்ணிலிருந்து எழுந்த ஒரு பெயர் எவ்வித நினைவுமின்றி அத்திலாந்திக் தீவொன்றின் உயிருக்குச் சூட்டப்பட்டுள்ளது.

இதைச் சிறு பிழையென ஒதுக்கலாம். ஆயினும், நிலமும் மக்களும் நினைவிலிருந்து அகற்றப்படுவது இப்படத்தின் பார்வையோடு இசைந்ததே. 1912இல் ஆதர் கொனன் டொயில் எழுதிய ‘தொலைந்த உலகம்’ என்னும் நாவலில், இங்கிலாந்திலிருந்து செல்லும் குழு தென்னமெரிக்கப் பீடபூமியொன்றில் வரலாற்றுக்கு முந்திய விலங்குகளைக் காண்கிறது. திரும்புகையில் வைரங்களையும் கொண்டு வருகிறது. வீரசாகசமும் வளங்கவர்தலும் ஒரே பயணத்தின் இரு பெயர்களாக அங்கே அமைந்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் இவ்வச்சு மாறவில்லை. வைரத்தின் இடத்தில் குருதி வந்துள்ளது. சூரினாம் புறப்படும் துறைமுகமாக மட்டுமே வருகிறது. வெப்பமண்டலம் ஆளற்ற களஞ்சியமாகவும், அதன் உயிர்வளம் முதலிற் சென்றவன் எடுத்துக்கொள்ளும் பொருளாகவும் காட்டப்படுகின்றன. மெய்யுலகிலோ இது பெரும் வழக்குக்குரிய விடயம். 1992ஆம் ஆண்டு உயிரினப் பல்வகைமைச் சமவாயமும், 2010ஆம் ஆண்டு நகோயா உடன்படிக்கையும் உயிர்வளத்தின் பயனில் அதனைத் தந்த நாட்டுக்கும் சமூகத்துக்கும் பங்குண்டென வலியுறுத்தியவை. மத்தியகோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு இவ்வினா வெறும் கற்பனைக் கதையன்று.

படத்தின் முடிவு இவ்வினாவைத் தொடத்தான் செய்கிறது. கம்பனியின் பிரதிநிதி மாண்டபின், பெற்ற குருதி மாதிரிகளை எவருடைய ஆக்கவுரிமைக்கும் உட்படாமல் உலகுக்கு வழங்க எஞ்சியோர் தீர்மானிக்கின்றனர். இத்தகைய வணிகப் படமொன்று மருந்து பொதுச்சொத்தாக வேண்டுமென முடிவதை நாம் அலட்சியஞ் செய்தல் தகாது. கோவிட் நோய்க்காலத்தில், 2020 ஒக்டோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் தடுப்பூசி முதலியவற்றின் புலமைச் சொத்துரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்துமாறு உலக வர்த்தக நிறுவனத்திடம் கோரின. 2022 ஜூனில் மிகக் குறுகிய விட்டுக்கொடுப்பொன்றே கிட்டியது. அந்த அனுபவத்தின் எதிரொலி இம்முடிவிற் கேட்கிறதெனலாம்.

ஆயின், தீர்வு எவ்வாறு கிட்டுகிறது என்பதே முக்கியமானது. பேராசைக்காரன் ஒருவன் விலங்கின் வாயில் வீழ்கிறான். கூலிப் போராளியின் மனம் திருந்துகிறது. உலகு மருந்து பெறுகிறது. உற்பத்தி, விநியோகம், விலை என்பன பற்றிய சிக்கல்கள் யாவும் தனிமனித நல்லெண்ணத்தாற் கரைந்து விடுகின்றன. வரலாறு இவ்வளவு எளிமையானதன்று. இன்சுலினைக் கண்டறிந்த பான்ரிங் முதலியோர் 1923இல் தம் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர். அதனினும் உயர்ந்த மனம் வேறில்லை. எனினும், ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் இன்சுலின் விலை பெரும் சமூகப் பிரச்சினையாயிற்று. முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் அதற்கான மாதாந்தக் கொடுப்பனவை 35 டொலராக மட்டுப்படுத்த 2022இற் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கண்டறிந்தவரின் தியாகம் தயாரிப்பவரின் இலாபநோக்கைக் கட்டுப்படுத்தவில்லை. கட்டுப்படுத்தியது சட்டம், சட்டத்தைக் கொணர்ந்தது மக்களின் நெடிய குரல்.

படைப்பாளர் ஒரு வீரசாகசப் படத்திற் பொருளாதார ஆய்வு நிகழ்த்த வேண்டுமென நாம் எதிர்பார்க்கவில்லை. 1993ஆம் ஆண்டுப் படத்திலும் ஆய்வுரை இல்லை. ஆனால், அங்கே பூங்காவின் வீழ்ச்சி ஒரு தீயவனின் வீழ்ச்சியாகச் சுருங்கவில்லை. அன்பான முதியவர் ஒருவரின் கனவும், செலவுச் சுருக்கமும், அறிவின் செருக்கும் ஒன்றோடொன்று பின்னி ஒரு முறைமையே சரிந்தது. தீமை தனிமனிதரில் அன்றி அமைப்பில் உறைவதை அப்படம் கதைப்போக்கினாலேயே உணர்த்திற்று. புதிய படமோ அமைப்பைப் பற்றிய கேள்வியை எழுப்பிவிட்டு, தனிமனிதரைக் கொண்டு விடையளிக்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து, ‘ரீபேர்த்’ முன்வந்த மூன்று படங்களினும் கட்டுப்பாடான கைவினையையும், இடையிடையே மெய்யான வியப்பையும் கொண்ட படைப்பென்று கூறலாம். ஆற்றங்கரைக் காட்சியும் புல்வெளிக் காட்சியும் நினைவில் நிற்கும். அதேவேளை, தன் காலத்தின் ஆழ்ந்த வினாவொன்றைக் கையிலெடுத்து அதன் கனத்தை அறியாமலே இறக்கி வைத்துவிடுகிறது. மருந்து யாருக்குச் சொந்தம் என்ற வினா திரையரங்கிற் கோடிக்கணக்கானோரின் செவியில் விழுந்தமை அதன் பேறு. அவ்வினாவுக்கு நல்லவர் சிலரின் மனமாற்றமே போதுமென நம்பவைத்தமை அதன் குறை.

இத்தகைய படங்களைப் புறக்கணிப்பதிலோ அவற்றில் மயங்குவதிலோ நமக்குப் பயனில்லை. அவை எழுப்பும் வினாக்களை அவை நிறுத்தும் இடத்திலிருந்து தொடர்ந்து கேட்பதே திறனாய்வாளரின் பணியாகும்.