திரையில் ஓடும் கார்ப் பந்தயம்

அறிவியல் இதழில் வீடியோ விளையாட்டுக்கு மதிப்புரையா என்று வாசகர்கள் சிலர் வியப்படையலாம். சினிமாவில் கார் ஆற்றைத் தாண்டிப் பறந்தால் நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். விளையாட்டில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே காரை ஓட்டுபவர் நாமே. வளைவு எத்தனை வேகத்தைத் தாங்கும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பவற்றை விரல்கள் கற்றுக்கொண்டே போகின்றன. இன்று ஓட்டுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர், சாலையில் ஏறுமுன்பே பல மணி நேரம் திரையில் ஓட்டி முடித்தவர்கள். திரை அவர்களுக்கு எதைக் கற்பித்தது, எதை மறைத்தது என்று பார்ப்போம்.

இதற்கு நான் எடுத்துக்கொண்டது சற்றுப் பழைய விளையாட்டு. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'டோக்கா ரேஸ் டிரைவர்'. சாலையில் ஓடும் கார்களைப் போன்ற தோற்றமுடைய, பந்தயத்திற்கென மாற்றியமைத்த கார்களின் போட்டியே டூரிங் கார் பந்தயம். நம் மாநிலத்திற்கும் இது புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள தனித் தடம் அமைந்தது. சலூன் கார் போட்டிகள் இன்றும் அங்கே நடைபெறுகின்றன.

அதுவரை வந்த பந்தய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதை கிடையாது. கார் உண்டு, தடம் உண்டு, முடிந்தது. இதில் ரையன் மெக்கேன் என்ற இளைஞன் வருகிறான். தந்தையைப் பந்தய விபத்தில் இழந்தவன். அண்ணன் டானியும் பந்தய வீரன். பந்தயங்களுக்கு இடையே சிறு காட்சிகளாகக் கதை நகர்கிறது. ரையன் கோபக்காரன், ஆட்டக்காரரான நீங்கள் பொறுமைசாலியாக இருந்தாலும் அவன் கோபக்காரனாகவே பேசுவான். வென்றால் கதை நகர்ந்துவிடும். நேர்மையாக முந்தினீர்களா, இடித்துத் தள்ளி முந்தினீர்களா என்று அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கதையின் முதல் குறை இது.

இயற்பியலுக்கு வருவோம். இங்கே விளையாட்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

வளைவில் காரைத் திருப்பும் மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அப்படிப்பட்ட வளைவு ஒன்றின் ஆரம் 15 மீட்டர் என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்றால், சறுக்காமல் செல்லக்கூடிய மிகு வேகம் மணிக்கு சுமார் 36 கி.மீ. மழை பெய்து குணகம் 0.4 ஆகக் குறைந்தால் அது 28 கி.மீ.க்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கில் காரின் நிறை வருவதே இல்லை. தேர்வில் மாணவர்கள் நம்ப மறுக்கும் இடம் இது! பந்தய வீரர் வளைவின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பைத் தொட்டு மீண்டும் வெளியே வருவது ஏன் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அவர் தம் பாதையின் ஆரத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்.

இன்னொன்றையும் இவ்விளையாட்டு நன்றாக உணர்த்துகிறது. டயரின் பிடிப்பு ஓரளவுக்கே உண்டு. பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். மொத்தப் பிடிப்பு 10 பங்கு என்க. பிரேக்குக்கு 6 பங்கு செலவானால் திருப்பத்துக்கு மீதி எவ்வளவு? 4 என்று சொல்லத் தோன்றும். இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை; ஆகவே பித்தாகரஸ் தேற்றப்படி மீதி 8 பங்கு. ஆனால் பிரேக்கை முழுவதும் அழுத்தி 10 பங்கையும் செலவழித்துவிட்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். விளையாட்டில் முதல் நாளில் எல்லோரும் தடத்தை விட்டு வெளியே போவது இதனால்தான். விசைப்பலகையை வைத்து ஆடுவோருக்குத் தொல்லை அதிகம்: ஒரு விசையை அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. கூடுமானால் ஸ்டீயரிங் கருவியோடு ஆடிப் பாருங்கள்.

மறைத்தது எது? உடல் மீதான விசையை. வளைவில் உண்மைக் கார் நம்மைக் கதவோடு ஒட்டவைக்கும். நாற்காலியில் அமர்ந்து ஆடுபவருக்கு அது சுழி. மோதினால் கைக்கருவி சற்று அதிரும், அவ்வளவுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் இயக்க ஆற்றல், 14 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுவதற்குச் சமம். நன்கு வளர்ந்த தென்னையின் உச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் மும்மடங்காகி 180 ஆனால் ஆற்றல் ஒன்பது மடங்கு. உயரம் 127 மீட்டர். சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். அந்த 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதி, முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் மீது அவர் எடையைப்போல் ஏறக்குறைய 24 மடங்கு விசை செயல்படும்.

விளையாட்டில் காரின் சேதம் கவனத்தோடு செய்யப்பட்டிருக்கிறது. தகடு நசுங்குகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, எஞ்சின் பழுதாகிறது. ஓட்டுநருக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. தந்தையின் சாவில் தொடங்கும் கதைக்குள் மகன் எத்தனை முறை மோதினாலும் அடிபடுவதே இல்லை! கதை ஒன்று சொல்கிறது, ஆட்டம் வேறொன்று சொல்கிறது. பல மணி நேரம் ஆடுபவரின் விரல்கள் நம்புவது ஆட்டத்தைத்தான். இதே நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'கிரிட்' விளையாட்டில் இன்னும் ஒரு படி போனார்கள். மோதியதும் ஒரு பொத்தானை அழுத்திக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். பழகுவதற்கு அது நல்ல வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெடுஞ்சாலை 44இல் அந்தப் பொத்தான் இல்லை.

2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார் பந்தயம் ஒன்றில் மூத்த வீரர் கே.இ.குமாரின் கார் மற்றொரு காருடன் மோதித் தடத்தை விட்டு விலகிக் கவிழ்ந்தது. பாதுகாப்புக் கூண்டு, தலைக்கவசம், மருத்துவக் குழு எல்லாம் பந்தயங்களின் கட்டாய விதிகள். இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைய மீதிப் பந்தயங்கள் கைவிடப்பட்டன.

தொடரின் இரண்டாம் பாகத்தில் (2004) நாயகனுக்கு முகமே இல்லை. மற்றவர்கள் நம்மை நேரே பார்த்துப் பேசுகிறார்கள். கதைக்கு அதுவே பொருத்தமான வழி என்பது என் கருத்து. ரையனின் கோபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. மூன்றாம் பாகத்தில் (2006) கதை ஏறக்குறைய விலகிவிட்டது. இயற்பியலுக்காக மட்டும் ஆடுவோருக்கு அது போதும். 2002ஆம் ஆண்டுப் பதிப்பு கிடைத்தால், பந்தயத்திற்குப் போகும் அவசரத்தில் அதன் தொடக்கக் காட்சியைத் தாண்டிவிடாமல் முழுவதும் பாருங்கள்.