கண் முதலிலா, கை முதலிலா?

சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் பொது அறிவு நூல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எந்த நாட்டிடம் எத்தனை போர் விமானங்கள் உள்ளன என்ற அட்டவணை அதில் இருந்தது. அயர்லாந்துக்கு நேரே சுழி! "சார், அப்படியானால் அந்த நாட்டின் வானத்துக்குக் காவலே கிடையாதா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆனால் அட்டவணை தவறான இடத்தைச் சுட்டுகிறது. வான்காப்பு என்பதை விமானங்களின் எண்ணிக்கை என்று கொள்வது, மருத்துவமனையின் தரத்தை அங்குள்ள கத்திகளை எண்ணி அளப்பது போன்றது. அயர்லாந்தின் உண்மையான குறை எது? அதைத் தீர்க்க அந்நாடு 2022-இல் வெளியிட்ட அறிக்கை சரியான வழியைக் காட்டுகிறதா? இவ்விரண்டையும் பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதலில் நிலைமை. அயர்லாந்து நடுநிலை நாடு. எந்த ராணுவக் கூட்டணியிலும் சேரவில்லை. 1956-இல் வாம்பயர் ஜெட் விமானங்களை வாங்கிய அந்நாட்டு விமானப் பிரிவிடம், 1990-களின் இறுதிக்குப் பிறகு போர்த்தொழிலுக்குரிய ஜெட் விமானம் ஒன்றுகூட இல்லை. இருப்பவை பி.சி.-9எம் என்னும் சுழல்விசிறிப் பயிற்சி விமானங்கள். இவற்றின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சாதாரணப் பயணி ஜெட் விமானமோ மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. துரத்திப் பிடிப்பது எப்படி?

ஆனால் துரத்துவதற்கு முன் காண வேண்டும் அல்லவா? இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது.

ராடார் இரு வகைப்படும். முதன்மை ராடார் வானொலி அலையை அனுப்பி, பொருளின் மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. துணை ராடாரோ, "நீ யார்?" என்று கேட்கிறது, விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி தன் சொந்த ஆற்றலால் பதில் அனுப்புகிறது. எதிரொலி போகும்போது தொலைவின் இருபடிக்கு ஏற்பவும், திரும்பும்போது மீண்டும் இருபடிக்கு ஏற்பவும் தேய்கிறது. ஆகவே முதன்மை ராடாரின் வீச்சை இரு மடங்காக்க 16 மடங்கு ஆற்றல் வேண்டும். துணை ராடாருக்கு 4 மடங்கு போதும். எனவேதான் பயணி விமானப் போக்குவரத்தை நடத்தத் துணை ராடார் மலிவானதும் வசதியானதும் ஆகும்.

அதன் பலவீனமும் அதிலேயே உள்ளது. பதில் சொல்ல விரும்பாதவன் துணை ராடாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2015-இலும் 2020-இலும் ரஷ்யாவின் டியூ-95 குண்டுவீச்சு விமானங்கள், அயர்லாந்து நெறிப்படுத்தும் அட்லாண்டிக் வான்பகுதியில் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டுப் பறந்தன. அந்நாட்டின் எல்லைக்குள் அவை நுழையவில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமந்த விமானங்கள் செல்லும் பாதை அது. அவற்றைக் கண்டு தொடர்ந்தவை பிரிட்டிஷ் விமானங்கள். நாடு முழுவதையும் சூழ்ந்து பார்க்கும் ராணுவ முதன்மை ராடார் அயர்லாந்திடம் இல்லை. கையில்லாக் குறையைவிடக் கண்ணில்லாக் குறை பெரிது.

சரி, கரையில் ஒரு ராடாரை நிறுவிவிட்டால் போதுமா? பூமி உருண்டை என்பது குறுக்கே நிற்கிறது. ராடார் அலையின் தொடுவானத் தொலைவைக் கிலோமீட்டரில் அறிய, உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்க வேண்டும். 400 மீட்டர் உயரக் குன்றின் மேல் ராடார் இருந்தால் தொடுவானம் 82 கிலோமீட்டர். வரும் விமானம் 9,000 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 391 கிலோமீட்டர். ஆக, 473 கிலோமீட்டருக்கு அப்பாலேயே பார்வைக்கு வந்துவிடலாம். அதே விமானம் 100 மீட்டர் உயரத்தில் கடலையொட்டி வந்தால், 82-உம் 41-உம் சேர்ந்து 123 கிலோமீட்டர்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அத்தொலைவைக் கடக்க எட்டு நிமிடங்களே ஆகும்.

கடலைக் காப்பதிலும் இதே கணக்குதான். கப்பலில் 25 மீட்டர் உயரத்திலுள்ள ராடாரின் தொடுவானம் 21 கிலோமீட்டருக்குள் அடங்கும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ 226 கிலோமீட்டர். பார்வைக்கு உட்படும் பரப்பு உயரத்தின் விகிதத்தில் வளர்வதால், அது கப்பலுடையதைப்போல் 120 மடங்கு! கடற்படைக்கு விமானம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டியதில்லை.

அயர்லாந்தின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் எல்லை 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நிலப்பரப்பைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைத்தொடர்பு வடங்கள் பல அதன் அருகே கடலடியில் செல்கின்றன. இதைக் கண்காணிக்க 2023-இல் வந்த சி-295 விமானங்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் நாள்தோறும் 8 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 16 மணிதான். பழுதுபார்க்கும் நாட்கள் வேறு. 1984-இல் பணியில் சேர்ந்த 'எத்னா' என்ற ரோந்துக் கப்பலில் ஹெலிகாப்டர் தளம் இருந்தது. அதற்கென வாங்கிய ஹெலிகாப்டர் ஏற்பாடு நீடிக்கவில்லை. கப்பலும் 2022-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் ஹெலிகாப்டரைச் சுமக்கும் ரோந்துக் கப்பல் வேறு வரவில்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் பாதுகாப்புப் படைகள் பற்றிய ஆணையம் மூன்று படிகளை அரசின் முன் வைத்தது. முதற்படி, இருப்பதே தொடர்வது. இரண்டாம் படியில் முதன்மை ராடார் வருகிறது. மூன்றாம் படியில் இடைமறிக்கும் போர் விமானங்கள். ஆண்டுச் செலவு இரண்டாம் படிக்கு 150 கோடி யூரோ, மூன்றாவதற்கு ஏறத்தாழ 300 கோடி யூரோ. அதே ஆண்டு ஜூலையில் அரசு இரண்டாம் படியைத் தேர்ந்தது.

கண்ணை முன்னும் கையைப் பின்னும் வைத்த இந்த வரிசை பாராட்டத்தக்கது. காணாமல் வாங்கும் போர் விமானம் இருட்டறையில் வீசும் கழிதான். ஆனால் அறிக்கையின் ஓர் அம்சத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இப்படிகளுக்கு அது தந்த பெயரைத் தமிழில் 'குறிக்கோள் நிலை' எனலாம். குறிக்கோள் எட்டாவிட்டால் வருந்தலாம், குற்றமில்லை. கடமை அப்படியன்று. கடற்போரில் நடுநிலை நாடுகள் பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, தன்னிடமுள்ள வழிவகைகள் இடம்தரும் அளவுக்குத் தன் கடற்பகுதியைக் கண்காணிப்பதை நடுநிலை நாட்டின் கடமை என்றே கூறுகிறது. ஏழை நாட்டுக்கு இவ்வாசகம் சலுகை தரலாம். இன்றைய அயர்லாந்து ஏழை நாடன்று. "நாங்கள் நடுநிலையாளர்கள், ஆகவே ராடார் வேண்டாம்" என்ற பழைய வாதம் தலைகீழானது. பார்க்கும் வேலையைப் பிறரிடம் விட்டவன் நடுநிலையாளன் ஆகான். அவன் பிறர் சொல்வதை நம்பியிருப்பவன். ராடாரை முதற்படிக்கும் கீழே, அடித்தளமாக வைத்திருக்க வேண்டும். 2025-இல்தான் ராணுவ ராடார் வாங்குவது குறித்துப் பிரான்சுடன் பேச்சு நடத்த அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கண் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. மற்றொரு நடுநிலை நாடான சுவிட்சர்லாந்திடம் ராடாரும் உண்டு, சிறந்த போர் விமானங்களும் உண்டு. 2014 பிப்ரவரி 17 அதிகாலையில், கடத்தப்பட்ட எத்தியோப்பியப் பயணி விமானம் ஒன்று ஜெனீவாவுக்கு வந்தது. உடன் வந்தவை இத்தாலிய, பிரெஞ்சு விமானங்கள். சுவிஸ் விமானங்கள் எழவில்லை. அவை அலுவலக நேரத்தில் மட்டுமே ஆயத்தமாக இருந்தன! 2020 இறுதியில்தான் இருபத்து நான்கு மணி நேரக் காவல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அட்டவணையில் அந்நாட்டுக்கு நேரே இருந்த எண் அன்றைக்குப் பயன்படவில்லை.

என் மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அடுத்த முறை இத்தகைய அட்டவணையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேள். எவ்வளவு தொலைவிலிருந்து காண முடியும்? கண்டபின் எத்தனை நிமிடம் இருக்கும்? அந்த நிமிடத்தில் விழித்திருப்பவர் யார்? இம்மூன்றுக்கும் அட்டவணையில் இடமில்லை. ஆனால் முதல் இரண்டுக்கும் விடை காண, வர்க்கமூலமும் வகுத்தலும் தெரிந்த எவராலும் முடியும்.