இரண்டு 1898கள்: பௌத்த அறிமுகங்கள் குறித்து

தமிழில் பௌத்த அறிமுக நூல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கபிலவஸ்து, அரண்மனை, கிழவன், நோயாளி, பிணம், துறவி, நள்ளிரவில் வெளியேற்றம். பிறகு நான்கு வாய்மை, எட்டு வழி, ஐந்து சீலம். கடைசியில் 'பௌத்தம் அன்பு மார்க்கம்' என்று ஒரு முடிச்சு. படித்து முடித்தவருக்கு புத்தர்மேல் மரியாதை வரும். அவர் தெருவில் ஒன்றும் மாறாது. அறிமுகம் என்பது அரசியல் கலக்காத காரியம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. யார், யாருக்கு, எதற்காக அறிமுகம் செய்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் அது நிற்காது.

1898ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில்தான் உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வந்தது. புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றி உரைநடையிலும் அவர் எழுதினார். தமிழ்ப் பிரதிக்குள் இருந்த பௌத்தத்தை விளங்கிக்கொள்ள அவருக்குத் துணையாக இருந்தவர் மளூர் ரங்காசாரியார். ரங்காசாரியாருக்குத் துணை ஐரோப்பியர் எழுதிய ஆங்கில நூல்கள். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்றைக்கு நமக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த அறிமுகத்தின் அடியில் ஓர் அனுமானம் ஓடுகிறது: போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் பௌத்தர் யாரும் இல்லை, பௌத்தம் ஏட்டில் மட்டுமே மிஞ்சியது.

அதே 1898இல் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போகிறார். சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்குகிறார். இவருடைய அனுமானம் நேர் எதிரானது. பௌத்தர்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஊருக்கு வெளியே, இழிபெயர் ஒட்டப்பட்டு, இங்கேதான் இருக்கிறார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி மறு ஆண்டே 'தமிழன்' ஆன இதழில், 1914இல் இறக்கும்வரை அவர் செய்தது, பௌத்தம் தெரியாதவருக்கு பௌத்தம் சொல்வதல்ல. பௌத்தரை அவருக்கே அடையாளம் காட்டுவது.

தீபாவளியை, எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய பௌத்தப் பண்டிகை என்கிறார் அவர். 'ஆதாரம் எங்கய்யா, கல்வெட்டு உண்டா?' என்று நம்ம தமிழ்த்துறைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரலாறாக இதை நிறுவ முடியாது. நிறுவியே தீருவேன் என்று முட்டிக்கொள்ளும் அன்பர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் செய்கிற வேலையைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்காதே என்று சொல்லவில்லை. குளியல் இருக்கட்டும், அசுரனைக் கொன்ற கதையாடலை மட்டும் எடுத்துவிடு என்கிறார். ஒழுகலாறு ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, அர்த்தம்தான் களவு போயிருக்கிறது என்கிற வாசிப்பு இது.

இதற்குள்ளேயே ஒரு சிக்கலும் கிடக்கிறது. 'பஞ்சமர்' என்ற வகைப்பாட்டை எதிர்த்தபோது, பூர்வ பௌத்தர்களைக் குறவரோடும் சக்கிலியரோடும் சேர்த்து எண்ணுவதை அவர் ஏற்கவில்லை. பூர்வீகப் பெருமைக்குள் ஒரு படிநிலை நுழைந்துகொள்கிறது. 1999இல் ஞான. அலாய்சியஸின் தொகுப்பு வந்த பிறகு இதை மூடி மறைக்கவும் முடியாது. கொண்டாடுகிறவர்கள் இதை அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறார்கள். நிராகரிக்கிறவர்கள் இதை மட்டுமே படிக்கிறார்கள்.

அம்பேத்கரின் 'புத்தரும் அவரது தம்மமும்' அவர் மறைந்த பின் 1957இல் வந்தது. அறிமுக நூல்களின் சட்டகத்தையே அதன் முன்னுரை உடைக்கிறது. 29 வயசு வரைக்கும் ஒரு கிழவனைக்கூட ஒருவர் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்கிறார். சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக மூண்ட சண்டையில், போரை எதிர்த்ததால் சித்தார்த்தர் வெளியேற நேர்ந்தது என்பது அவர் சொல்கிற கதை. அடுத்து, நான்கு வாய்மைகளைப் புத்தர்தான் சொன்னாரா என்று சந்தேகிக்கிறார். பிறப்பு துன்பம், இருப்பு துன்பம் என்றால் மனிதருக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும்? பசித்தவனிடம் போய் 'ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்' என்று சொல்வது அயோக்கியத்தனம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் வாய்மைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். மணிமேகலையின் முப்பதாம் காதையில் வரும் பன்னிரு சார்புகளைப் பாருங்கள். பேதைமையைச் சார்ந்து செய்கை, நுகர்வைச் சார்ந்து வேட்கை, வேட்கையைச் சார்ந்து பற்று. எதுவும் தானாக நிற்பதில்லை. ஒன்று அற்றால் அடுத்தது விழும். துன்பம் விதி இல்லை, உற்பத்தி செய்யப்படுவது என்பதுதானே இது. இப்படி வாசித்தால் வேட்கை என்பது சோற்றுக்கு ஏங்குகிறவனின் ஏக்கம் இல்லை. 'என் குலம், என் நிலம்' என்கிறவனின் பிடிதான் பற்று. வாய்மையை யாரிடம் சொல்கிறோம் என்பது மாறிவிடுகிறது. காப்பியத்தின் வைப்புமுறையும் இதற்குச் சாதகம். பாத்திரம் கைக்கு வருவது 11ஆம் காதையில். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவது 19இல். அறவணர் அவளுக்குத் தருமத்தை விரித்துச் சொல்வது 29, 30இல்தான். பசித்தவருக்குக் கிடைப்பது சோறு, பிரசங்கம் அல்ல. நம்ம எம்.ஏ. வகுப்புகளில் அமுதசுரபியோடு நிறுத்திக்கொண்டு, கடைசிக் காதைகளை 'தருக்கம், கஷ்டம்' என்று தாண்டிவிடுகிறார்கள். அறிமுக நூல்களோ கடைசிக் காதைகளில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன.

நடைமுறை விஷயத்தில் நம் தோழர்களையும் ஒன்று கேட்க வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் எடுக்கப்பட்ட உறுதிமொழிகள் 22. பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரனை வணங்க மாட்டேன், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் அல்ல என்கிற முதல் பகுதி துண்டறிக்கைகளில் தவறாமல் வரும். எட்டு வழியைப் பின்பற்றுவேன், உயிர்களிடம் கருணையோடு இருப்பேன், பொய் சொல்ல மாட்டேன், குடிக்க மாட்டேன் என்கிற பின்பகுதியை மேடையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? பௌத்தத்தைப் பார்ப்பனிய எதிர்ப்புக்கு மட்டும் ஒரு கருவியாகக் கையில் எடுத்தால், எதிரி இல்லாத நேரத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போய்விடும்.

கடைசியாக இலங்கை. ஈழத்தைப் பேசாமல் தமிழில் பௌத்தத்தை அறிமுகம் செய்ய முடியாது, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிக்கு என்பவர் முழுமை அடைந்த மனிதரா, சமூகத் தொண்டரா என்பது அம்பேத்கர் முன்னுரையின் நான்காவது கேள்வி. தொண்டராக இருந்தால்தான் பௌத்தத்துக்கு நம்பிக்கை உண்டு என்பது அவர் சாய்வு. வல்பொல ராகுலர் 1946இலேயே, பிக்குவுக்குச் சமூகத்திலும் அரசியலிலும் இடமுண்டு என்று சிங்களத்தில் நூல் எழுதி வாதாடியிருந்தார். பிக்குகள் விகாரையை விட்டு வெளியே வந்தார்கள். 1956 தேர்தலில் அவர்கள் ஊர் ஊராகப் போய் பண்டாரநாயக்காவுக்கு ஆதரவு திரட்டினார்கள். ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1959இல் அதே பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவரும் ஒரு பிக்குதான். 1972 அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. இதற்கெல்லாம் நடுவில் அங்கே பஞ்சசீலம் சொல்வது ஒருநாளும் நின்றுபோகவில்லை. நாகபுரியில் லட்சக்கணக்கானோர் சாதியை உதறிவிட்டு அதே சீலத்தைச் சொன்னதும், கொழும்பில் ஒரு மொழியை அரசிலிருந்து வெளியேற்றும் சட்டத்துக்குக் காவியுடை துணைநின்றதும் ஒரே ஆண்டு. சமூகத்துக்குள் இறங்கும் பிக்கு யாருடைய சமூகத்துக்குள் இறங்குகிறார் என்கிற கேள்வி அம்பேத்கர் முன்னுரையில் இல்லை. 1956 டிசம்பர் 6க்குப் பிறகு அவர் அதைக் கேட்கவும் வழியில்லை.