வேகத்தைத் துரத்தினால் குணம் கெடும்: சிறுகுழல் ரைஃபிளும் வார்ப்பு ஈயக் குண்டும்

அமெரிக்காவில் உரிமம் பெற்று, பருவம் பார்த்து வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார், தங்கள் ரைஃபிளுக்கான குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். ஈயத்தை உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி, ஆறியதும் அளவு சரிபார்த்து, மெழுகுப் பசை பூசித் தோட்டாவில் பொருத்துகிறார்கள். இது பழைய வழக்கம். ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கான அச்சுகளையும் கைக்கருவிகளையும் விற்றது. 1925-இல் அதை வாங்கிய லைமன் நிறுவனம் இன்றும் அச்சுகள் விற்கிறது. வார்ப்புக் குண்டு மலிவு, துல்லியம், எந்த வேட்டைக்கும் போதும் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். .22, .25, .32 போன்ற சிறு காலிபர் ரைஃபிள்களில் இந்த மூன்று வாதங்களும் ஒரே அளவில் நிற்பதில்லை.

முதலில் இதன் பலம். வின்செஸ்டர் 1892 மாடல் போன்ற பழைய ரைஃபிள்கள் .25-20, .32-20 தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டவை. இவற்றுக்கான ஆலைத் தோட்டாக்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நூறு ஆண்டு பழைய குழல்களின் உள்ளளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி சற்று மாறும். ஆலைக் குண்டு ஒரே அளவில் வரும். வார்ப்பவரோ தன் குழலின் பள்ளங்களை அளந்து, அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பருமனாகக் குண்டை அமைத்துக்கொள்ளலாம். குண்டு குழலை நிறைத்தால்தான் வெடிவாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்காது. குழலில் ஈயம் படியாது. இந்தப் பொருத்தத்தை வேறு எந்த வழியிலும் இவ்வளவு குறைந்த செலவில் பெற முடியாது. உறைக்குண்டின் மேலிருக்கும் செம்பு உறையைவிட ஈயம் மென்மையானது என்பதால் குழலின் தேய்மானமும் குறைவு.

வேட்டைக்கும் ஒரு நன்மை உண்டு. அதிவேக .22 உறைக்குண்டு பட்டால் முயலின் இறைச்சியில் பாதி சிதைந்துபோகும். நொடிக்கு 1,200 அடி, 1,300 அடி வேகத்தில் போகும் தட்டைமூக்கு ஈயக் குண்டு அப்படிச் சிதைப்பதில்லை. தட்டையான முகம் சட்டென்று வீழ்த்தும், இறைச்சியும் வீணாகாது. உணவுக்காக வேட்டையாடுகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல.

சிக்கல் வேகத்தைக் கூட்ட நினைக்கும்போது தொடங்குகிறது. தூய ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் சுமார் 5. தொண்ணூறு பங்கு ஈயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் ஐந்தைந்து பங்கு சேர்ந்த லைமன் 2-ஆம் எண் கலவை 15-ஐத் தொடும். அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகம் 22 வரை போகும். மென்மையான குண்டு இலக்கில் பட்டதும் விரியும். ஆனால் வேகம் கூடினால் குழலின் புரிகளைப் பற்றிக்கொள்ள முடியாமல் உரிந்துபோகும். கடினமான குண்டு வேகத்தைத் தாங்கும், ஆனால் விரியாது. ஆன்டிமனி மிகுந்தால் எலும்பில் பட்டு உடைந்து சிதறவும் கூடும். குண்டின் அடியில் ‘கேஸ் செக்’ என்ற செம்புக் கிண்ணத்தைப் பொருத்தி வேக எல்லையை 1,400 அடியிலிருந்து 2,000 அடி அளவுக்கு உயர்த்தலாம். அதனால் இந்த முரண்பாடு தள்ளிப்போகுமே தவிர, தீராது.

பெரிய காலிபருக்கு இந்த முரண்பாடு அவ்வளவு வலிக்காது. .45 காலிபர் குண்டு விரியாவிட்டாலும் அதன் பருமனே காயத்தைப் பெரிதாக்கும். .25 காலிபர் குண்டுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. எடையிலும் இதே கதைதான். வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றுக்குமிழால் அரை கிரெயின் குறைந்தால், 405 கிரெயின் குண்டுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 45 கிரெயின் குண்டுக்கோ நூற்றில் ஒரு பங்குக்கும் மேல். மாசசூசெட்ஸ் மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் பல ஆண்டுகள் சோதித்து 1909-இல் வெளியிட்ட நூலில், குண்டின் மூக்கில் உள்ள குறையைவிட அடிப்பகுதியில் உள்ள குறையே இலக்கை அதிகம் தவறவைக்கும் என்று காட்டினார். மெலிந்த சிறு குண்டின் அடி, அச்சிலிருந்து விழும்போதும் தோட்டாவில் பொருத்தும்போதும் எளிதில் நசுங்கும். ஆகவே துல்லியம் என்ற வாதம் சிறு காலிபரில் தானாகக் கைகூடுவதில்லை. ஒவ்வொரு குண்டையும் பார்த்து, நிறுத்து, குறையுள்ளதை மறுபடி உருக்கும் பொறுமை உள்ளவருக்கே அது வாய்க்கும்.

‘எந்த வேட்டைக்கும் போதும்’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. .32-20-இல் 115 கிரெயின் வார்ப்புக் குண்டு 1,300 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும்போது அதன் ஆற்றல் சுமார் 430 அடி-பவுண்டு. கொலராடோ மாநிலம் மான் வேட்டைக்கு 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலையும், குறைந்தது .24 காலிபரையும், விரியும் குண்டையும் கேட்கிறது. தாத்தா காலத்தில் இதே துப்பாக்கியால் மான் சுட்டார்கள் என்பது வரலாற்று உண்மையாக இருக்கலாம். அடிபட்டுத் தப்பிய மான்களை அந்தக் கதைகள் எண்ணுவதில்லை. உயிரை எடுப்பது என்று முடிவு செய்தபின், வேதனையின்றி எடுப்பது வேட்டைக்காரரின் முதல் கடமை. அதைச் செய்ய இயலாத குண்டை மான் மீது குறிவைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை, ஈயம் நஞ்சு என்பது. கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1982-இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தன. கூண்டில் பெருக்கி 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டபின், அவற்றை அதிகம் கொல்வது வேட்டையாடிய விலங்குகளின் எச்சத்தில் கிடக்கும் ஈயத் துணுக்கு. அதனால்தான் கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் தடைசெய்தது. இது நமக்குப் புரியாத கதையல்ல. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து பிணத்தின் வழியாகப் பாறு கழுகுகளைக் கொன்றதால் இந்தியா 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது.

மெதுவான வார்ப்புக் குண்டு, அதிவேக உறைக்குண்டு அளவுக்குத் துணுக்காகச் சிதறாது என்று ஆதரவாளர்கள் சொல்வது நியாயமே. ஆனால் குறைவாகச் சிதறுவதும் சிதறாமலே இருப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு எடுத்துப்போகும் முயலிலிருந்து குண்டு பட்ட இடத்தைத் தாராளமாக வெட்டி எறியலாம். வயல் எலி, தரை அணில் போன்றவற்றைச் சுட்டு அப்படியே விட்டுவரும் பழக்கத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. சிறுகுழல் ரைஃபிள் இந்த வேலைக்கும் பயன்படுகிறது; கழுகும் பருந்தும் இறங்குவதும் அங்கேதான். வார்க்கும் இடத்திலும் ஆபத்து உண்டு. உருகிய ஈயத்தின் மேல் படியும் கசடும் அதன் தூசியும் கை வழியாக, துணி வழியாகக் குழந்தைகளை எட்டும். குழந்தையின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

செம்புக் குண்டு ஈயக் குண்டுக்கு முழு மாற்று என்றும் சொல்லிவிட முடியாது. செம்பின் அடர்த்தி குறைவு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். பழைய ரைஃபிள்களின் மெதுவான புரி அந்த நீளத்தை நிலையாகச் சுழற்றாமல் போகலாம். செம்பு விரியவும் வேகம் வேண்டும். பழைய சிறு காலிபர்களுக்குச் செம்புக் குண்டு கிடைப்பதும் அரிது. ஆகவே தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நஞ்சை வயலில் விட்டுவர அது காரணமாகாது.

என் தீர்ப்பு இது. பழைய சிறுகுழல் ரைஃபிளுக்கு, நூறு கஜத்துக்குள், வீட்டுக்கு எடுத்துப்போகும் சிறு விலங்குக்கு, மிதவேகத்தில் செல்லும் மென்கலவைத் தட்டைமூக்குக் குண்டு நல்ல தேர்வு. அதன் பலமே அதன் நிதானம். அதை அதிவேகக் குண்டோடு போட்டியிடவைப்பவர் இரண்டு குண்டுகளின் குணங்களையும் இழக்கிறார். மானுக்கு அது தகாது. பிணந்தின்னிப் பறவைகள் இறங்கும் நிலத்தில், சுட்டதை விட்டுவரும் வேலைக்கு, எந்த ஈயக் குண்டும் தகாது. அங்கே ஈயமில்லாத குண்டு ஏற்கும் ரைஃபிளை எடுங்கள், இல்லையேல் சுடாமல் திரும்புங்கள். குண்டை வார்க்கத் தெரிந்த கைக்கு, அதை எங்கே சுடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.