செம்பும் கடகமும்

வடிவமைப்புக் கல்வியிலே சூழல் பற்றிய சிந்தனை எங்கே தொடங்கவேண்டும் என ஆராய்வோர், 1958ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த ‘இந்திய அறிக்கை’யைப் புறக்கணித்தல் இயலாது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றுதற்கு வழிகோலியது அவ்வறிக்கையே. இந்தியாவில் தாம் கண்டு வியந்தவற்றுள் தலையாயதாக அவர்கள் எடுத்துக்காட்டியது கோயிற் சிற்பத்தை அன்று. அன்றாடம் புழங்கும் செம்பினையே.

அறிக்கையின் வலிமை செம்பைப் புகழ்வதில் இல்லை. அதனை வினாவுவதில் உள்ளது. எவ்வளவு நீர் கொள்ளல் வேண்டும், தலையிலும் இடுப்பிலும் கையிலும் எவ்வாறு பொருந்தும், ஆக்கும் செலவு யாது, பழுதுற்றபின் உலோகம் என்ன பெறும் என வினாக்கள் தொடர்கின்றன. தனியொருவரன்றிப் பல தலைமுறையினரே அதனை உருவாக்கினர் என்பதும் உணர்த்தப்படுகின்றது. அழகையும் பயனையும் பிரிக்காத இந்நோக்கு மாணவர்க்கு முதற் பாடமாகத் தக்கது.

எனினும், இதே வினாக்களை யாழ்ப்பாணத்துக் கடகத்திடம் கேட்குமிடத்து அவற்றின் போதாமை புலப்படுகின்றது. செம்பின் முடிவு சந்தையில். ஓலையின் முடிவோ மண்ணில். வேலியிலும் கூரையிலும் பயன்பட்டு உக்கிய பனையோலையைத் தோட்டத்திற் புதைத்துப் பசளையாக்குவது இக்குடாநாட்டார் வழக்கம். ஆகவே, பொருளின் விலையோடு நில்லாது, அது மீளும் நிலத்தையும் வினாவுதல் அவசியமாகின்றது. கடகம் இழைக்கும் பெண்ணின் கூலி பற்றிய வினாவும் ஈம்ஸ் அறிக்கையில் முன்னிற்கவில்லை.

இவ்வினாக்கள் வெறும் ஏட்டுச் சிந்தனைகள் அல்ல. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிநீரும் தோட்ட நீரும் சுண்ணக்கற் பாறையிலே தங்கும் நிலத்தடி நீரையே பெரிதும் சார்ந்துள்ளன. பாறையின் வெடிப்புகளூடே அழுக்கு விரைந்து இறங்கும். கவர்ச்சிக்காக ஓலைக்கு இரசாயனச் சாயம் தோய்த்து, எஞ்சிய நீரை வளவில் ஊற்றினால், அது அயற் கிணற்றைச் சென்றடையக்கூடும். வார்னிஷ் பூசிய ஓலையும் எளிதில் உக்காது. இயற்கைப் பொருளாற் செய்யப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் ஒரு படைப்பு இயற்கைக்கு இசைந்ததாகிவிடாது.

இதனாற் பழமைக்கு மீள்வதே தீர்வு எனக் கொள்ளலும் தவறு. பனைத்தொழிலை வளர்க்க 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஆயினும் பிளாஸ்டிக் கூடை வீடுகளிற் புகுந்தமைக்குக் காரணம் அது இலேசானது, நீர்பட்டாற் கெடாதது என்பதே. இவ்வுண்மையை எதிர்கொள்ளாத வடிவமைப்பு, கண்காட்சிப் பொருளாகவே எஞ்சும். வடலியிலிருந்து தோட்டம் வரையும் ஓர் ஓலையின் வழியை மாணவர் நேரிற் பின்தொடர்தலும், தமது படைப்பின் கழிவு எங்கே செல்கின்றது என்பதற்கு விளக்கம் எழுதுதலும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். மதிப்பெண் வழங்குவோரும் அழகோடு இவ்விளக்கத்தையும் அளவுகோலாகக் கொள்ளும்போதே சூழலுணர்வு பாடத்திட்டத்தின் அலங்காரச் சொல்லாக நில்லாது, மாணவரின் கைவினையிலே கலக்கும்.