பழைய ஆட்டத்திற்குப் புதிய பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

"10,000 விளையாட்டுகள் அடங்கியது" என்று மேலட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கப்படும் வீடியோ விளையாட்டுக் கருவிகளை நீங்கள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மாரியோவும் பேக்மேனும் ஆடி வளர்ந்தவர்கள் அவற்றைக் கண்டதும் பையைத் தொட்டுப் பார்ப்பது இயல்பே. ஆனால் அந்த எண்ணிக்கை கருவியின் தரத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. பழைய ஆட்டம் ஒன்று புதிய பெட்டியில் பழைய ஆட்டமாகவே ஓடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை காண, பழைய கருவிகள் எப்படி வேலை செய்தன என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி 2600-ஐ எடுத்துக்கொள்வோம். அதனுள் இருந்த நினைவகம் வெறும் 128 பைட். நீங்கள் படிக்கும் இந்த ஒரு பத்தியைக்கூட அதில் அடக்க முடியாது. திரையின் முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடமே இல்லை. எனவே தொலைக்காட்சிக் குழாயினுள் எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியைத் தீட்டிக்கொண்டு செல்லும்போதே, இந்த இடத்தில் இந்த நிறம், இங்கே தோட்டா, இங்கே எதிரி என்று நிரல் சொல்லிக்கொண்டே உடன் ஓட வேண்டும். ஒரு வரி தீட்டி முடிவதற்குள் நுண்செயலிக்குக் கிடைத்தவை 76 துடிப்புகளே. அதாவது, ஆட்டத்தின் ஒரு பாதி கேசட்டில் இருந்தது என்றால் மறுபாதி அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியின் இயக்கத்திலேயே இருந்தது.

ஆட்டத்தின் கடிகாரமும் அதுவே. 1978-இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் அணிவகுத்து நிற்பார்கள். திரையில் படம் ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது அவர்களுள் ஒருவர் மட்டுமே நகர்வார். விநாடிக்கு 60 படங்கள் என்றால், 55 பேரும் ஒரு அடி எடுத்து வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நீங்கள் சுட்டுச் சுட்டு அவர்களைப் பத்துப் பேராகக் குறைத்தால், அதே விநாடியில் ஆறு அடி எடுத்து வைப்பார்கள். கடைசி ஒருவன் தெறித்து ஓடுவான். எதிரி குறையக் குறைய நெஞ்சு படபடக்கும் அந்த அனுபவம் இந்த எளிய கணக்கிலிருந்து பிறந்தது. படங்களின் எண்ணிக்கையை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும்.

இந்த உண்மையை ஒரு பெரிய நிறுவனமே பொருட்படுத்தாமல் விட்டது. சோனி 2018 டிசம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு பெட்டியில் 20 ஆட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பது, விநாடிக்கு 50 படங்கள் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காகச் செய்யப்பட்ட பிரதிகள். டெக்கன் 3 போன்ற சண்டை ஆட்டம், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60 படங்களுடன் ஓடியது, இந்தப் பெட்டியில் தளர்ந்து ஓடிற்று. அதன் கன்ட்ரோலரில், பின்னாளில் வந்த இரட்டைக் கட்டைவிரல் குச்சிகளும் இல்லை. 100 டாலருக்கு வந்த பெட்டி சில வாரங்களிலேயே 60 டாலர் அளவுக்கு இறங்கியதில் வியப்பில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் அந்த 50 படப் பால் முறையையே பின்பற்றியது. எனவே 1990-களில் நம் ஊர்களில் விற்ற நகல் கருவிகளில் மாரியோ ஆடியவர்கள் பலருக்கு, முறையான 60 பட ஆட்டத்தைப் பார்த்தால் முதலில் சற்று வேகமாகத் தோன்றும். அதுதான் ஆட்டத்தின் இயல்பான வேகம்.

அடுத்து, இன்றைய பெட்டிகள் இந்த ஆட்டங்களை எவ்வாறு ஓட்டுகின்றன? பெரும்பாலானவை எமுலேட்டர் என்னும் பாவனை நிரலைக் கொண்டு ஓட்டுகின்றன. பழைய நுண்செயலிக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் படித்து, "அவன் இதற்கு என்ன செய்திருப்பான்?" என்று பார்த்து, அதையே புதிய செயலியைக் கொண்டு செய்ய வைக்கும் மொழிபெயர்ப்பாளர் இது. நல்ல எமுலேட்டர் மிக நன்றாகவே இருக்கும். 2019-இல் வந்த செகா மெகா டிரைவ் மினி இதற்குச் சான்று. எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் பழைய செகா ஆட்டங்களைப் புதிய கருவிகளுக்குக் கொண்டுவருவதில் நெடுநாள் தேர்ந்தது; அதன் கைவண்ணம் 42 ஆட்டங்கள் கொண்ட இந்தப் பெட்டியில் தெரிகிறது. இவ்வகைச் சிறு பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. நின்டெண்டோவின் 2016-ஆம் ஆண்டுச் சிறு பெட்டியும் குறைவில்லாதது. ஆனால் கன்ட்ரோலரின் கம்பி ஏறக்குறைய மூன்று அடிதான். தொலைக்காட்சியின் காலடியில் சம்மணமிட்டு உட்கார விரும்புவோருக்கு மட்டும் அது பொருந்தும்.

இங்கே தாமதம் என்னும் சிக்கல் வருகிறது. நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் மாரியோ குதிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் அது. பழைய குழாய்த் தொலைக்காட்சி, வந்த மின்குறியை அப்படியே திரையில் தீட்டியது. இன்றைய தட்டைத் திரை, படத்தை முதலில் வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகே காட்டுகிறது. 'கேம் மோட்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பல தொலைக்காட்சிகள் இதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. பத்தில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் முழு வேகத்தில் ஓடும் மாரியோ ஒரு படத்திற்கு இரண்டரைப் புள்ளிகள் நகர்கிறான். பத்தில் ஒரு பங்கு விநாடி என்பது ஆறு படங்கள். ஆக 15 புள்ளிகள். அந்த ஆட்டத்தில் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளிகள். பள்ளத்தின் விளிம்பில் நீங்கள் குதிக்கச் சொன்ன பிறகும் ஏறக்குறைய ஒரு செங்கல் தூரம் ஓடிவிட்டே அவன் குதிப்பான். "சின்ன வயதில் நன்றாக ஆடினேன், இப்போது கை வரவில்லை" என்று சலித்துக்கொள்வோர் தங்கள் வயதைக் குறை சொல்லும் முன் தொலைக்காட்சியின் அமைப்பைப் பார்ப்பது நல்லது. மலிவான கருவியும் தன் பங்குக்கு ஓரிரு படத் தாமதத்தைச் சேர்க்கும். கம்பியில்லாக் கன்ட்ரோலர் இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

இதற்கு மாற்றாக வந்தவை எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லைக் கொண்ட கருவிகள். சாதாரணச் சில்லில் மின்சுற்றுகள் தொழிற்சாலையிலேயே நிலையாகிவிடும். இந்தச் சில்லிலோ, உள்ளே இருக்கும் தர்க்க உறுப்புகளை நாம் விரும்பியபடி இணைத்து வெவ்வேறு மின்சுற்றுகளாக்கலாம். காலையில் அது நின்டெண்டோவாக இருக்கும், மாலையில் செகாவாக மாறும். பழைய கருவியில் நுண்செயலி, படச் சில்லு, ஒலிச் சில்லு எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கின அல்லவா? இங்கும் அவ்வாறே இயங்குகின்றன. எனவே தாமதம் மிகக் குறைவு. அனலாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2018-இல் சூப்பர் என்.டி., 2021 டிசம்பரில் கையடக்கமான அனலாக் பாக்கெட் ஆகியவற்றை இம்முறையில் வெளியிட்டது. மிஸ்டர் என்பது ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய திறந்த மூலத் திட்டம். 1,10,000 தர்க்க உறுப்புகள் கொண்ட ஒரு பயிற்சிப் பலகையை அடிப்படையாகக் கொண்டது. பள்ளி, கல்லூரிகளில் மின்னணுவியல் படிப்போருக்கு அதன் சுற்று விவரிப்புகள் நல்ல பாடப்புத்தகம்.

ஆயினும் ஒரு விளம்பரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "எமுலேஷன் இல்லவே இல்லை" என்று அனலாக் தன் கருவிகளைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. இது பாதி உண்மை. பழைய சில்லைத் துருவி ஆராய்ந்து ஒருவர் புரிந்துகொண்டதைத்தான் இந்தச் சுற்றும் நடித்துக் காட்டுகிறது. அவர் எதையேனும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறும் சுற்றில் இருக்கும். நிரலாக எழுதினாலும் மின்சுற்றாக எழுதினாலும், சரியாக எழுதியிருக்கிறார்களா என்பதே முக்கியம். 2023-இல் வந்த அட்டாரி 2600+ இதற்கு நேர் எதிரான வேடிக்கை. பழைய கேசட்டைச் செருகும் வாய் அதில் உண்டு; மரப்பட்டை போன்ற முகப்பும் உண்டு; உள்ளே இருப்பதோ எமுலேட்டர்தான். கேசட்டைப் படித்துத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு பாவனை செய்கிறது. அது நன்றாக ஓடுவதை நான் மறுக்கவில்லை. கேசட் வாயைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

படத்தைப் பற்றியும் சில சொற்கள். அக்காலப் படங்கள் 240 வரிகளைக் கொண்டவை. இன்றைய 4கே திரையில் 2160 வரிகள். மிகச் சரியாக ஒன்பது மடங்கு. ஆனால் 1080 வரித் திரையில் நாலரை மடங்கு வருவதால், சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். காட்சி நகரும்போது கண்ணை உறுத்தும். நான்கு மடங்கோடு நிறுத்தி ஓரத்தில் கறுப்பு விடும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். 4:3 என்ற அளவிலான படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து, மாரியோவைப் பீப்பாயாக்கிக் காட்டும் கருவியை வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். தெளிவு கூடினால் அழகு கூடும் என்பதும் எப்போதும் சரியன்று. 1991-இல் வெளிவந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்கின் அருவியைச் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்தார்கள். அக்காலக் கம்பியிலும் குழாயிலும் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, ஊடே பார்க்கக்கூடிய தண்ணீராகத் தெரிந்தன. இன்றைய கூர்மையான திரையில் அது சன்னல் கம்பிபோல் நிற்கிறது. குழாய்த் திரையின் மங்கலைப் போலச் செய்யும் வடிகட்டி நல்ல கருவிகளில் உண்டு. மலிவான கருவிகளில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கே போட்டுவிட்டு அதையே வடிகட்டி என்கிறார்கள்.

எந்தக் கருவியாலும் எளிதில் தீராத ஒன்றும் உண்டு: வாத்துச் சுடும் துப்பாக்கி. நீங்கள் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்தக் கணத்தில் அந்த ஒளியைக் கண்டால் வாத்து விழும். தட்டைத் திரையில் வெள்ளைக் கட்டம் தாமதமாக வருவதால் துப்பாக்கி இருட்டையே காண்கிறது.

ஆட்டம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. நின்டெண்டோ 2018 முதல் பழைய ஆட்டங்களைச் சந்தா முறையில் தருகிறது. தரம் நன்று, செலவும் குறைவு. ஸ்விட்ச் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வேறு பெட்டி தேடாமல் அதிலேயே தொடங்கலாம். ஆனால் சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். அதே நிறுவனம் பழைய ஆட்டங்களைத் தனித்தனியே விற்ற வீ கடையை 2019 ஜனவரியில் மூடியது; 3டி.எஸ்., வீ யூ கடைகளில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு எந்தக் கடையிலும் முறையாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்ந்து சொன்னது. பத்தாயிரம் ஆட்டப் பெட்டிகள் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமையாளருக்கு ஒரு காசும் போகாத அந்தப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் முறையாக வாங்க வழியில்லாத ஆட்டத்தைத் தேடுபவரைக் கண்டிக்கவும் மனம் வரவில்லை. உரிமம் பெற்ற ஆட்டங்களைக் கேசட்டாகவே விற்கும் எவர்கேட் (2020) நடுவழி. வாங்கியது உங்கள் அலமாரியில் இருக்கும். எந்தக் கடை மூடினாலும் ஓடும்.

வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. நம் ஊர் நகல் கருவிகளுக்கு வந்த கேசட்டுகள் ஜப்பானிய ஃபேமிகாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பற்கள் 60. அமெரிக்க நின்டெண்டோ கேசட்டுக்கு 72. கேசட் வாய் உள்ள புதிய கருவி வாங்குவதாயின், எந்த வாய் என்று கேட்டு, பொருத்தும் இடையிணைப்பு கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.